இகுவானா வீட்டுக்கு வருவதற்கு முன் என்னவெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

இன்னும் இரண்டு மாதத்தில் பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி இனத்தின் குஞ்சு ஒன்று உங்களிடம் வரப்போகிறது, 90 செ.மீ. நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் வெப்பத்துக்கு ஒரு பல்பும் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னும் என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "வளர்ந்த பிறகு பெரிய கூண்டு செய்துகொள்ளலாம்தானே?" எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்வது எளிது, சொல்கிறேன். ஆனால் நீங்கள் உள்ளூரக் கேட்பது, சின்னதாக ஆரம்பித்து, அது வளர வளர நாமும் ஏற்பாடுகளை வளர்த்துக்கொண்டே போகலாமா என்பது. வேண்டாம் என்பதே என் பதில். பெரிய கூண்டை முதலில் கட்டுங்கள், குஞ்சு அப்புறம் வரட்டும். ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 16 வருடமாக இகுவானா வளர்க்கிறேன். ஆரம்பத்தில் ஒன்று. பிறகு, மற்றவர்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போன பெரிய இகுவானாக்கள் ஏழு என்னிடம் வந்து சேர்ந்தன. அந்த ஏழில் ஐந்து, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்த வீடுகளிலிருந்து வந்தவை. நான் கால்நடை மருத்துவர் கிடையாது. நோய்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், கண்ணால் பார்த்ததும்தான். எது உறுதி, எதில் வளர்ப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவு. முட்டையிலிருந்து வந்த குஞ்சு வால் நுனி வரை 20 செ.மீ. அளவில் இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. நன்றாக வளர்ந்தால் முதல் வருட முடிவில் 60 முதல் 90 செ.மீ., மூன்றாம் வருடத்தில் 1.2 மீட்டரைத் தாண்டிவிடும். வளர்ந்த ஆண் 1.5 மீட்டர் இருப்பது சாதாரணம். இன்னும் நீளமானவையும் உண்டு. இதில் பாதிக்கு மேல் வால். எடை 4, 5 கிலோ வரும். சரியாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம் வாழும். சின்னத் தொட்டியில் வைத்தால் சின்னதாகவே இருந்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது பொய். தொட்டியைப் பார்த்து உடம்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளாது. ஒரு இகுவானா வளராமல் நின்றிருந்தால் அது நோயாலோ, பட்டினியாலோ, குளிராலோ நின்றிருக்கிறது.

இப்போது அந்த "பிறகு" எப்போது வருகிறது என்று பாருங்கள். உங்கள் 90 செ.மீ. தொட்டி அதற்கு ஆறு மாதம் தாங்கும். ஆறு மாதத்தில் வேலை மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும், செலவு வேறு பக்கம் போயிருக்கும். இகுவானாவோ முகத்தில் பசியையும் நோவையும் காட்டாத பிராணி. அதனால் அவசரம் நமக்குத் தெரிவதில்லை. தொட்டியில் வால் மடங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்தே கண்ணுக்குப் பழகிவிடும். என்னிடம் வந்த ஒரு நான்கு வயது ஆண், ஒரு மீட்டர் தொட்டியிலேயே இருந்தது. அதற்குத் தாவத் தெரியவில்லை. கிளையில் ஏற்றிவிட்டால் பிடித்துக்கொண்டு நடுங்கும். அதை வளர்த்தவர் கெட்டவர் கிடையாது, தினமும் உணவு கொடுத்தவர்தான். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டவர், அவ்வளவுதான்.

வளர்ந்த ஒன்றுக்கான கூண்டு குறைந்தபட்சம் 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் ஆழம், 1.8 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். உயரம் இன்னும் கூடினால் நல்லது. இது மரத்தில் வாழும் பிராணி; தரையில் எவ்வளவு இடம் கொடுத்தாலும் உயரத்தில் உட்கார இடமில்லையென்றால் அதற்கு நிம்மதி இருக்காது. ஆழத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், வால் உரசாமல் திரும்ப அந்த 1.2 மீட்டர் வேண்டும். கண்ணாடி இதற்கு ஏற்றதில்லை. காற்று நகராது, வெப்பம் ஒரே சீராகக் கூடிவிடும், குளிர்ந்த மூலை என்று ஒன்று இருக்காது. தடுப்பு இருப்பது புரியாமல் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பிவிசி பலகை, அல்லது ஈரம் உள்ளே இறங்காமல் நன்றாகப் பூச்சு கொடுத்த ஒட்டுப்பலகை, முன்பக்கம் மட்டும் ஒளிபுகும் கதவு, மேலேயும் பக்கத்திலும் காற்றுவழி, இதுதான் நன்றாக வருகிறது. கிளைகள் அதன் உடம்பின் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். உடும்புப் பிடி என்பார்களே, அதற்கு இகுவானாவும் சளைத்ததில்லை. ஆனால் பிடிக்க ஏற்ற தடிமன் வேண்டும். 5 கிலோ எடை தாவி விழுந்தாலும் அசையாதபடி கிளைகளைச் சுவரோடு திருகாணி போட்டு முடுக்குங்கள்.

கதவை நீங்கள் பக்கவாட்டில் நின்று கை நீட்டும் உயரத்தில் வையுங்கள். இகுவானாவின் உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்று உண்டு, செதிலுக்கு அடியில் ஒரு வெளிறிய புள்ளியாகத் தெரியும். அது உருவங்களைப் பார்க்காது, வெளிச்சத்தையும் நிழலையும் உணரும். மேலேயிருந்து நிழல் விழுந்தால் பருந்து என்றுதான் அதன் உடம்பு நினைக்கும். மேல் மூடியைத் திறந்து கைவிடும் தொட்டிகளில் வளரும் குஞ்சுகள் ஏன் பழகாமல் மிரண்டுகொண்டே இருக்கின்றன என்று யோசித்தால், பாதி விடை இங்கே கிடைக்கும்.

இவ்வளவு பெரிய கூண்டில் ஒரு சாண் குஞ்சை விட்டால் அது பயந்து ஒளிந்துகொள்ளும், உணவைத் தேடிக் கண்டுபிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இலைத் திரை அடர்த்தியாக இருந்து, உணவுத் தட்டு இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் பெரிய கூண்டிலேயே குஞ்சுகள் நன்றாக வளர்வதைப் பார்த்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லையென்றால் பெரிய கூண்டுக்குள்ளேயே ஒரு தடுப்புப் பலகை போட்டு, மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் கொடுங்கள். அது வளர்ந்ததும் பலகையை எடுத்துவிடுவது பத்து நிமிட வேலை. புதுக் கூண்டு கட்டுவது அப்படிப்பட்டதில்லை.

அடுத்தது வெப்பம். இகுவானா வெளியிலிருந்து வாங்கும் சூட்டில்தான் வாழ்கிறது, செரிமானமும் அதைச் சேர்ந்ததே. வெயில் காயும் இடத்தில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ், அதே கூண்டின் குளிர்ந்த பக்கத்தில் 26, 27, இரவில் 22-க்குக் கீழே போகாமல், இதுதான் இலக்கு. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அது தானே நகர்ந்து தன் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். உங்களிடம் இருக்கும் ஒரே ஒரு பல்பு குஞ்சுக்குப் போதும், பெரியதுக்குப் போதாது. ஒற்றைப் பல்பு ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் சூட்டைக் கொட்டும். அரை மீட்டர் உடம்பில் அந்தத் தட்டளவு இடம் வெந்துபோகும், மற்ற இடம் குளிர்ந்தே இருக்கும். உடம்பு மொத்தமும் சூடாகும்வரை அங்கேயே படுத்திருப்பதால் முதுகில் தீக்காயம் வரும். அதனால் குறைந்த வாட்டில் மூன்று நான்கு ஹாலஜன் பல்புகளை வரிசையாக, கம்பி வலைக் காப்புப் போட்டு, எட்டித் தொட முடியாத உயரத்தில் பொருத்துங்கள். தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரே சூடு விழ வேண்டும். மின்சாரத்தில் சூடாகும் சூட்டுக் கல் என்று ஒன்றை விற்பார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். அடிவயிற்றில் தீக்காயம் வந்த இரண்டு பிராணிகளை நான் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் காரணம் அந்தக் கல்தான்.

வெப்பத்தைக் கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். கூண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு டிஜிட்டல் வெப்பமானி, அப்புறம் கையில் பிடித்துக் குறிபார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று. கடைசியாகச் சொன்னதால் கிளையின் மேற்பரப்பையும், பிறகு அது வந்து உட்கார்ந்ததும் அதன் முதுகையும் அளக்கலாம். இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் சூடேற்றி போதும். சிவப்பு பல்பு அதற்குத் தெரியாது என்பது தவறான நம்பிக்கை. நிறங்களை நன்றாகவே பார்க்கும். அதற்கு 12 மணி நேரம் முழு இருட்டு வேண்டும்.

குளிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா ஒரு சாட்சி. அங்கே மனிதர்கள் வளர்த்துக் கைவிட்டதும் தப்பியதுமாகப் பெருகிய இகுவானாக்கள், வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகளில் விறைத்துப்போய் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுகின்றன. பல மறுநாள் வெயிலில் எழுந்துவிடும், சில எழாது. வீட்டுக்குள் இவ்வளவு குளிர் வராது. ஆனால் 20, 22 டிகிரியிலேயே நாள்கணக்கில் இருந்தால் குடலில் இருக்கும் இலை செரிக்காமல் தேங்கும், எதிர்ப்புச் சக்தி குறையும், மூச்சுக்குழாயில் தொற்று வரும். பார்ப்பவருக்கு "ரொம்ப சாதுவாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். சாதுவாகத் தெரியும் பல இகுவானாக்கள் உண்மையில் குளிரில் கிடப்பவை. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

இனி வெளிச்சம். நீங்கள் குறிப்பிட்ட சாமான்களில் இது இல்லவே இல்லை, அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். என் முதல் இகுவானாவை நான் இதனால்தான் இழந்தேன். விற்றவர் "சூட்டு பல்பு போதும், ஜன்னல் பக்கம் வையுங்கள்" என்றார், நானும் அப்படியே செய்தேன். ஒன்பதாவது மாதம் பின்னங்கால்கள் உருண்டு திரண்டு தெரிந்தன. நன்றாகச் சதை போடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். பத்தாவது மாதம் தாடை மெத்தென்று ஆகி, இலையைக் கடிக்க முடியாமல் நின்றது. எக்ஸ்ரேயில் எலும்பு நிழல் போலத்தான் தெரிந்தது. திரண்டு இருந்தது சதையே இல்லை. பலமிழந்த எலும்பைத் தாங்க உடம்பு நாராக இழைத்துக் கட்டிய வீக்கம் அது. மருத்துவர் முயன்றார், நானும் முயன்றேன், காப்பாற்ற முடியவில்லை.

நடப்பது இதுதான். சூரிய ஒளியில் யுவிபி என்ற புற ஊதாப் பகுதி, 290 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ள கதிர், தோலில் பட்டு வைட்டமின் டி3-க்கு முந்தைய பொருளை உண்டாக்குகிறது. உடம்புச் சூடு அதை டி3 ஆக மாற்றுகிறது. டி3 இருந்தால்தான் குடல் சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொள்ளும். இழுக்க முடியாதபோது, இதயமும் தசையும் ஓடுவதற்காக உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கிறது. ஆக வெளிச்சம், சூடு, உணவில் சுண்ணாம்பு மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். எந்த ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஜன்னல் வெயில் சூடு கொடுக்கும், எலும்பு கொடுக்காது.

அதனால் டி5 என்ற மெல்லிய வகையில் நீளமான யுவிபி டியூப் ஒன்று, கூண்டின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல், வெயில் காயும் கிளைக்கு மேலேயே பொருத்துங்கள். சூடும் யுவிபியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். சுருள் வடிவச் சின்ன பல்புகள் இவ்வளவு பெரிய உடம்புக்குப் போதாது. டியூப்புக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. வலை இருந்தால் அதுவும் கணிசமாகக் குறைக்கும். முதுகு இருக்கும் உயரத்தில் யுவி குறியீடு (புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் எண்) 3 முதல் 5 வரை இருக்கலாம், நிழல் பக்கத்தில் பூஜ்யம் வரை இறங்க வேண்டும். அதை அளக்க ஒரு மீட்டர் உண்டு. விலை கூடிய பொருள்தான், ஆனாலும் முடிந்தால் வாங்குங்கள், அல்லது வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள். ஏனென்றால் டியூப் கண்ணுக்கு நன்றாக எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் மெல்ல மெல்லத் தீர்ந்திருக்கும். மீட்டர் இல்லையென்றால் மாட்டிய தேதியை டியூப்பிலேயே எழுதி, 12 மாதத்தில் மாற்றிவிடுங்கள்.

யுவிபிக்குப் பதில் டி3 பொடியை உணவில் தூவினால் போதாதா என்று கேட்பார்கள். இகுவானாவுக்கு வாய்வழி டி3 எந்த அளவுக்கு உதவுகிறது என்பதில் மருத்துவர்களிடமே ஒரே பதில் கிடைக்காது. அளவு மிஞ்சினால் சுண்ணாம்பு ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் படியும் என்பது மட்டும் உறுதி. வெளிச்சத்தால் உண்டாகும் டி3-யில் அந்த ஆபத்து இல்லை, தேவைக்கு மேல் போனால் தோலே அதை வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அதனால் நான் வெளிச்சத்தை நம்பி, பொடியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் தோல் உரியும்போது விரல் நுனியிலும் வால் நுனியிலும் பழைய தோல் வளையமாக இறுகி, ரத்தம் போகாமல் அந்த நுனியே கருகி விழும். நீர் தெளிக்கும் கருவி, பெரிய நீர்த் தொட்டி இரண்டும் வேண்டும். நீரில்தான் பெரும்பாலும் மலம் கழிக்கும் என்பதால் தினமும் மாற்ற வேண்டியிருக்கும். இவ்வளவு ஈரம் உங்கள் வீட்டுச் சுவருக்கும் போகும் என்பதால் கூண்டைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விடுங்கள். கூண்டின் முகப்பில் வெள்ளைப் பொடி படிவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உடம்பில் மிஞ்சும் உப்பை அது மூக்கு வழியே தும்மி வெளியேற்றுகிறது.

உணவில் உறுதியாகச் சொல்லக்கூடியது, இகுவானா இலை தின்னும் பிராணி, வாழ்நாள் முழுவதும். பத்தில் எட்டு ஒன்பது பங்கு அடர்பச்சை இலைகள், மீதியில் பூசணி போன்ற காய், செம்பருத்திப் பூ, எப்போதாவது கொஞ்சம் பழம். செம்பருத்தி இலை, மல்பெரி இலை இரண்டும் நல்லவை. சுண்ணாம்பு பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பதுதான் இலைகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு. பசலைக் கீரையில் இருக்கும் ஆக்ஸலேட் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும், அதை அன்றாட உணவாக்க வேண்டாம். வெளிறிய லெட்யூஸில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பூச்சி, முட்டை, இறைச்சி, நாய்த் தீனி எதுவும் வேண்டாம். குஞ்சுகளுக்குப் பூச்சி கொடுத்தால் வேகமாக வளரும் என்று பழைய கையேடுகள் சொன்னதை இன்னும் சிலர் பின்பற்றுகிறார்கள். வேகமாக வளரலாம், ஆனால் விலங்குப் புரதம் வருடக்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும், யூரிக் அமிலம் மூட்டில் படியும். நடுவயதில் சாகும் இகுவானாக்களில் சிறுநீரகக் கோளாறு மிகவும் சாதாரணமாகப் பார்க்கப்படும் ஒன்று.

இலையை உடைப்பது அதன் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள். காட்டில் குஞ்சுகள் பெரியவற்றின் எச்சத்தைத் தின்று அந்த நுண்ணுயிர்களைப் பெறுகின்றன என்று பனாமாவில் செய்த ஆய்வு ஒன்று 1982-ல் வெளிவந்தது. தனியாக வாங்கி வரும் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இருக்காது, செரிமானம் நிலைப்பட நாளாகும். இலையை மிகப் பொடியாக நறுக்குங்கள், உணவை அடிக்கடி மாற்றிக் குழப்பாதீர்கள், சாப்பிட்ட பிறகு சில மணி நேரம் நல்ல சூடு கிடைக்கும்படி காலையிலேயே கொடுங்கள். இரண்டு குஞ்சுகளை ஒன்றாக வைத்தால் துணையாக இருக்குமே என்று எண்ண வேண்டாம். ஒன்று வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றது சூடும் உணவும் இல்லாமல் மெல்லத் தேயும். ஒன்று மற்றதன் மேலே படுத்திருப்பது பாசத்தால் என்று நினைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கஷ்டப்படும்.

குணத்தைப் பற்றி நான் உறுதி கொடுக்க முடியாது, யாராலும் முடியாது. சில இகுவானாக்கள் தோளில் ஏறி உட்காரும், சில பத்து வருடம் ஆனாலும் தொட விடாது. தினமும் கொஞ்ச நேரம் கூண்டருகே உட்கார்ந்து, கையிலிருந்து பூவைக் கொடுத்து, அது நெருங்கி வரும்வரை காத்திருப்பதுதான் எனக்குப் பலன் கொடுத்த வழி. நம்மேல் பாசம் வைக்கிறதா என்பதில் எனக்கே முடிவான எண்ணம் இல்லை. ஆளை அடையாளம் தெரிந்துகொள்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வளர்ந்த ஆணுக்கு வருடத்துக்கு ஒருமுறை இனப்பெருக்கக் காலம் வரும். உடம்பு ஆரஞ்சு நிறமாகும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், நேற்று வரை மடியில் இருந்த அதே பிராணி பாய்ந்து கடிக்கும். பற்கள் ரம்பம் போன்றவை, தையல் போட வேண்டியிருக்கும். வாலால் விளாசினால் தோல் தடித்துவிடும். அந்தச் சில வாரங்கள் தடித்த கையுறை, முகத்தருகே கொண்டுபோகாமல் இருப்பது, பொறுமை, இவை தவிர வேறு வழி தெரியவில்லை. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், அறுந்து கையோடு வந்துவிடும். திரும்ப முளைப்பது குட்டையாக, கருத்துத்தான் இருக்கும்.

குஞ்சாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று நம்பிச் சொல்ல முடியாது, ஆகவே இரண்டுக்கும் தயாராக இருங்கள். பெண் என்றால் ஆணே இல்லாமலும் முட்டை போடும், இரண்டு மூன்று வயதிலிருந்து, ஒரு தடவைக்கு 30, 40 முட்டைகள்கூட. தோண்டுவதற்கு ஈரமண் நிரப்பிய ஆழமான பெட்டி இல்லையென்றால் முட்டைகளை உள்ளேயே அடக்கிவைக்கும், உயிர் போகும். முட்டைக்குழாயையும் சினைப்பையையும் அறுவை செய்து எடுப்பதும் உண்டு. அதைச் செய்யத் தெரிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதை அவசரம் வருவதற்கு முன்னால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் என்றதும் நினைவுக்கு வருவது. நாய், பூனை பார்ப்பவர் எல்லோரும் இகுவானா பார்ப்பதில்லை. பிராணி வருவதற்கு முன்பே போன் செய்து, ஊர்வன பார்ப்பீர்களா, எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முதல் வாரத்திலேயே எச்சப் பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டில் 5 வயதுக்குள் குழந்தை, கர்ப்பிணி, முதியவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாராவது இருந்தால் இன்னொரு முறை யோசிக்கச் சொல்வேன். நோயே இல்லாத இகுவானாவின் குடலிலும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம், ஒரு பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் முழுக்க நம்ப முடியாது. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுவது, அதன் தட்டையும் நீர்த் தொட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பது, இவற்றை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். இகுவானா பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் 2-ஆம் இணைப்பில் இருக்கிறது, எல்லை தாண்டி வந்திருந்தால் காகிதம் இருக்க வேண்டும். வைத்திருக்கவே அனுமதி வேண்டுமா, பதிவு வேண்டுமா என்பது ஒவ்வொரு நாட்டிலும் வேறு, சட்டம் மாறவும் செய்கிறது; ஃபுளோரிடா 2021-ல் இதைத் தடைப் பட்டியலுக்கே கொண்டுபோய்விட்டது. விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் வனத்துறையிடம் நேராகக் கேளுங்கள். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கும் ஒரு பெயர் உங்கள் கையில் இருக்கட்டும். வெளியில் விடுவது மட்டும் கூடவே கூடாது.

இதையெல்லாம் படித்த பிறகும் ஆசை குறையவில்லையென்றால் ஒரு யோசனை. குஞ்சுக்குப் பதில், வீடு தேடிக்கொண்டிருக்கும் வளர்ந்த இகுவானா ஒன்றை எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஆணா பெண்ணா, எவ்வளவு பெரியது, என்ன குணம் என்று கண்ணெதிரே தெரியும். பழகாது என்பார்கள், என்னிடம் வந்த ஏழில் நான்கு ஒரு வருடத்துக்குள் கையிலிருந்து வாங்கித் தின்றன, மீதி மூன்று கடைசி வரை தள்ளியே இருந்தன. குஞ்சுதான் வேண்டும் என்றாலும் தவறில்லை. இரண்டு மாதம் இருக்கிறது, போதும். முதல் மாதம் கூண்டு. இரண்டாவது மாதம் அதைக் காலியாகவே ஓட்டுங்கள். விளக்கு, சூடு, நீர்த்தெளிப்பு எல்லாம் பிராணி உள்ளே இருப்பதைப் போலவே தினமும் ஓடட்டும். காலை, மதியம், பின்னிரவு என்று மூன்று வேளை, இரு முனை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தப் பல்பு அதிகம், எந்த மூலை காய்கிறது, மின்கட்டணம் எவ்வளவு கூடுகிறது எல்லாம் அந்த மாதத்தில் தெரிந்துவிடும், ஒரு உயிரும் அதற்கு விலை கொடுக்காமல். தொடர்ந்து இரண்டு வாரம் எண்கள் நிலையாக இருந்த பிறகு குஞ்சை அழைத்து வாருங்கள். உங்கள் கண்ணாடித் தொட்டியையும் தூக்கிப் போட வேண்டாம், மருத்துவரிடம் போய் வந்து சில நாள் தனியாக வைத்துப் பார்க்க அது உதவும்.

வந்த முதல் வாரம் தொடாதீர்கள், உணவும் நீரும் வைத்துவிட்டு விலகி இருங்கள். ஓரிரு நாள் சாப்பிடாமல் இருந்தால் கவலை வேண்டாம், ஒரு வாரம் தாண்டினால் மருத்துவர். கூண்டு வைக்கப்போகும் அறையின் நீளம், அகலம், கூரை உயரம், ஆண்டின் மிகக் குளிரான இரவில் அந்த அறையில் இருக்கும் வெப்பம், இந்த நான்கையும் எழுதுங்கள். எத்தனை பல்பு, எவ்வளவு வாட், எந்த உயரம் என்று அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.